முத்துவின் தலை ஏன் தொங்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

முத்துவுக்கு அப்போது 12 வயது. கலப்பின ஆண் பூனை. சின்ன வயதிலேயே கருத்தடை செய்தாயிற்று. வீட்டை விட்டு வெளியே போகிற பழக்கம் இல்லை. அவனை வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கூடையைத் திறந்து மேசைமேல் இறக்கிவிட்டதும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "டாக்டர், மூணு வாரமா இவன் ஏதோ தப்பு பண்ணினவன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடக்கிறான்."

மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். சன்னல் திட்டுக்கு ஒரே தாவலில் ஏறுகிறவன், இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்க முயன்றுவிட்டு அங்கேயே படுத்துவிடுகிறான். பத்தடி நடந்தால் உட்கார்ந்துகொள்கிறான். யார் மடியிலும் ஏறுகிற பிள்ளை, அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிகிறான். முதுகைத் தடவினால் திரும்பிக் கடிக்க வருகிறான். நடு இரவில் எழுந்து நீளமாகக் கத்துகிறான். அது பசிக்குக் கத்தும் குரல் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாக இருக்கின்றன. சாப்பாடு குறையவில்லை. ஆனாலும் ஓராண்டுக்கு முன் 5.1 கிலோ இருந்தவன் இப்போது 4.6 கிலோ.

"வயசாயிடுச்சு, மூளை குழம்புதோன்னு நினைச்சேன்" என்றார் டீச்சர். கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். தினமும் நடந்ததைத் தேதியும் நேரமும் போட்டு எழுதியிருப்பதாகச் சொல்லி நீட்டினார். "அதான் நீங்களே எல்லாம் சொல்லிட்டீங்களே டீச்சர்" என்று அதை வாங்கி மேசையோரம் வைத்துவிட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்த நோட்டுதான்.

முதல் நாள் பரிசோதனை

தலை தொங்குவது பூனையில் ஒரு தனி அடையாளம். நாய்க்கும் குதிரைக்கும் பிடரியில் ஒரு தடித்த நாண் உண்டு. கழுத்துத் தசைகள் களைத்தாலும் தலையின் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். பூனைக்கு அந்த நாண் கிடையாது. தலையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை முழுவதும் தசைகளுடையது. அதனால்தான் உடம்பு முழுக்கத் தசைகள் தளரும்போது பூனையில் முதலில் கழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது: முகவாய் நெஞ்சைத் தொடுகிற அளவுக்குத் தலை கவிழும், எதையாவது மேலே பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும் உயர்த்தும். முத்து என்னை அப்படித்தான் பார்த்தான்.

தரையில் விட்டு நடக்க வைத்தேன். குட்டையான, விறைப்பான அடிகள். முன்னங்காலில் எடை விழும்போதெல்லாம் தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கு மேலே முட்டிக்கொண்டு எழுந்தன. ஏழெட்டு அடியில் உட்கார்ந்துவிட்டான்.

பலவீனம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். மூளையா, தண்டுவடமா, நரம்பா, நரம்பும் தசையும் சந்திக்கும் இடமா, தசையேதானா? அவன் எடையை என் கையில் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு பாதத்தையும் மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைத்தேன். நான்கையும் உடனுக்குடன் நேராக்கிக்கொண்டான். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது, மூளையின் கட்டளை காலுக்கும் போகிறது. தண்டுவடம் கெட்டிருந்தால் இது தடுமாறியிருக்கும். முழங்காலைத் தட்டினால் கால் தானாக உதறும் அனிச்சையும் சரியாக இருந்தது. பிறகு தொடைத் தசையை மெல்ல அழுத்தினேன். அவன் கத்திய கத்தலில் டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதுகைத் தடவினால் கடிக்க வருகிறான் என்பதற்கு அங்கேயே விடை கிடைத்தது. கோபக்காரன் ஆகிவிடவில்லை; தசைகள் வலித்தன.

பின்னங்கால் நாடி இரண்டு பக்கமும் நன்றாக ஓடியது, பாதங்கள் சூடாக இருந்தன. ஆகவே பெருந்தமனியில் இரத்தக் கட்டி அடைத்துப் பின்கால் இழுத்துக்கொள்ளும் நிலைமை இல்லை. குதிகால் தரையில் பட நடக்கவில்லை. சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட பூனைதான் குதிகாலை ஊன்றி நடக்கும். தொண்டையில் தைராய்டு முடிச்சு எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. இதயத்தில் மெல்லிய முணுமுணுப்பு ஒன்று கேட்டது, குறித்துக்கொண்டேன்.

கண்பாவைகள் இரண்டும் அகன்று விரிந்திருந்தன. டார்ச் அடித்தபோது மெதுவாக, அரைகுறையாகச் சுருங்கின. பயந்த பூனைக்குக் கண்பாவை விரிவது சகஜம் என்பதால் 'பயம்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு நகர்ந்தேன். இரத்த அழுத்தமும் எடுக்கவில்லை. தொடையை அழுத்தியதில் அவன் கொதித்துப் போயிருந்தான். இந்த நிலையில் எடுக்கும் எண் எதற்கும் உதவாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவனை ஒரு மணி நேரம் இருட்டறையில் விட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

சந்தேகப் பட்டியல்

தலை தொங்கும் பூனை என்றதும் மனதில் வரிசைகட்டி நிற்கும் காரணங்கள் சில உண்டு. அவற்றில் பலவற்றை ஊசி குத்தாமல், கேள்வி கேட்டே தள்ளிவிடலாம். பச்சை மீனை மட்டுமே தின்று வளரும் பூனைக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்து போகும், ஏனென்றால் சில மீன் வகைகளின் சதையிலேயே அதைச் சிதைக்கும் நொதி இருக்கிறது; சல்ஃபைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியிலும் இதே ஆபத்து உண்டு. முத்து பூனைகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவைத்தான் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறான். பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை தலையைத் தொங்கவைக்கும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தை முதுகில் விட்டால் பூனை நடுங்கித் துடிக்கும், உயிருக்கே ஆபத்து. அந்த வீட்டில் நாயும் இல்லை, பல மாதங்களாக எந்த மருந்தும் தெளிக்கவில்லை, முத்துவுக்கு நடுக்கமும் இல்லை. பர்மீஸ் இனக் குட்டிகளுக்குப் பரம்பரையாக அவ்வப்போது பொட்டாசியம் இறங்கும் ஒரு நோய் உண்டு, டபிள்யூ.என்.கே.4 என்ற மரபணுவின் பிழையால் வருவது என்று 2012-ல் கண்டறிந்தார்கள். அது குட்டிப் பருவத்திலேயே வெளிப்படும். 12 வயதுக் கலப்பினப் பூனையிடம் அதைத் தேட வேண்டியதில்லை.

மிச்சமிருந்தவை: பொட்டாசியம் குறைவு, தைராய்டு மிகைச் சுரப்பு, தசை அழற்சி, நரம்பு-தசைச் சந்திப்பைத் தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ். மயஸ்தீனியாவில் தசை வலிக்காது. இவனுக்கு வலித்தது. தண்ணீரும் அதிகம் குடிக்கிறான். பொட்டாசியத்தின் பக்கம்தான் என் கை சாய்ந்தது.

இரத்தம் சொன்னது, நான் கேட்டது

பொட்டாசியம் லிட்டருக்கு 2.4 மில்லிமோல். பூனைக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். 3-க்குக் கீழே போனால் தசைகள் தளரத் தொடங்கும், இன்னும் சரிந்தால் மூச்சுத் தசைகளே ஓய்ந்துவிடலாம். தசை செல்கள் உடையும்போது இரத்தத்தில் கொட்டும் கிரியாட்டின் கைனேஸ் நொதி சில நூறுகளில் இருக்க வேண்டியது, 6,800. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 2.1 மி.கி., சற்றே கூடுதல். சிறுநீரின் ஒப்படர்த்தி 1.018, அதாவது தண்ணீர்த்திருந்தது. சோடியம் 157, இயல்பின் மேல் விளிம்பு. சர்க்கரை சரி. தைராய்டு டி4 அளவு 2.1, அதுவும் சரி.

செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள பொட்டாசியத்தின் விகிதம்தான் தசைச் செல்லைத் தயார் நிலையில் வைத்திருக்கிறது. வெளியே குறைந்துவிட்டால், நரம்பு வந்து தட்டினாலும் செல் எழுந்திருக்க மறுக்கும். உழைக்கும் தசைக்குக் கூடுதல் இரத்தம் பாய்வதற்கும் பொட்டாசியம் வேண்டும். அது கிடைக்காத தசை பட்டினி கிடந்து உடைகிறது. பலவீனமும் வலியும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

பிறகு நான் போட்ட கணக்கு இது: வயதான பூனை, கிரியாட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீர் தண்ணீர்த்திருக்கிறது, எனவே நாள்பட்ட சிறுநீரக நோய். கெட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விடும், எனவே பொட்டாசியம் குறைந்திருக்கிறது. எல்லாம் ஒரே நூலில் கோத்தது போலிருந்தது. சிறுநீரக நோய் வயதான பூனைகளில் மிகவும் சாதாரணம், பொட்டாசியம் இறங்குவதும் அதில் புதிதில்லை. நான் நிம்மதியானேன். அந்த நிம்மதிதான் தவறு.

இரத்தநாளம் வழியாகப் பொட்டாசியம் கலந்த திரவம் ஏற்றினோம். இதில் கவனம் வேண்டியது வேகம்: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் இதயத் துடிப்பு தடம் மாறும். நாங்கள் 0.3-ல் வைத்தோம். பொட்டாசியம் சேர்க்காத வெறும் திரவத்தையோ குளுக்கோஸையோ ஏற்றியிருந்தால் இருக்கிற கொஞ்சமும் நீர்த்துப் போயிருக்கும், அல்லது செல்லுக்குள் ஓடி ஒளிந்திருக்கும். தலை தொங்கும் பூனைக்கு 'சும்மா ஒரு டிரிப்' போடுவது ஆபத்து என்று இளம் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மறுநாள் மாலை பொட்டாசியம் 3.2. முத்து தலையை நிமிர்த்தி, கூண்டின் கம்பி வழியே வந்த டீச்சரின் குரலைத் தேடினான். டீச்சர் அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 2 மில்லிமோல் என்று பொட்டாசியம் குளுக்கோனேட்டும், சிறுநீரகத்துக்கான உணவும் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "ராத்திரி கத்துறது, டாக்டர்?" என்று வாசலில் நின்று கேட்டார். "உடம்பு தேறினா அதுவும் நின்னுடும் டீச்சர்" என்றேன். என்ன ஆதாரத்தில் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் இல்லை.

பத்தாம் நாள்

தலை தொங்கவில்லை. நடை ஓரளவு தேறியிருந்தது. ஆனால் கத்தல் கூடியிருந்தது, நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொள்கிறான் என்றார். செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்: நள்ளிரவு, அறையில் எல்லா விளக்கும் எரிகிறது, முத்து சுவரை உரசிக்கொண்டே போகிறான், மூலையில் சிக்கி நிற்கிறான், நின்ற இடத்திலிருந்து கத்துகிறான். அவ்வளவு வெளிச்சத்திலும் கண்பாவைகள் கறுத்த பொத்தான்களைப் போல விரிந்திருந்தன.

கண் முன்னால் சட்டென்று கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. ஒரு பஞ்சு உருண்டையை எதிரே போட்டேன். ஓசையில்லாமல் விழுந்ததை அவன் அறியவில்லை. கண் நோக்கியை வைத்துப் பார்த்தபோது இடது கண்ணில் லென்ஸுக்குப் பின்னால், இரத்த நாளங்களோடு சேர்ந்து சாம்பல் நிறத் திரைபோல விழித்திரை மிதந்துகொண்டிருந்தது. முழுவதும் கழன்றுவிட்டது. வலது கண்ணில் ஒரு பகுதி எழும்பியிருந்தது, ஓரங்களில் இரத்தக் கசிவு.

அன்றைக்கு அவசரப்படவில்லை. வேறு பூனையும் நாயும் இல்லாத அறையில், டீச்சரின் மடியிலேயே பத்து நிமிடம் உட்கார வைத்தோம். வால் அடியில், அதன் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள பட்டையைக் கட்டி, டாப்ளர் கருவியால் அளந்தோம். முதல் அளவைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்தின் சராசரி எடுத்தேன்: 224. பூனையில் 160-ஐத் தாண்டினாலே உயர் அழுத்தம், 180-க்கு மேல் கண்ணும் மூளையும் சிறுநீரகமும் இதயமும் அடிவாங்கும் எல்லை. பயத்தால் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் கழன்ற விழித்திரையைப் பார்த்த பிறகு 224-ஐப் பயத்தின் கணக்கில் எழுத முடியாது.

அப்போதுதான் நோட்டைக் கேட்டு வாங்கினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. அவனை என்னிடம் கொண்டுவந்ததற்கு ஐந்து நாள் முந்தைய தேதியில், நேர்த்தியான கையெழுத்தில்: 'இரவு 2.10. கத்தினான். விளக்கைப் போட்டேன். கண் சுருங்கவில்லை. என்னைப் பார்க்காமல் என் குரல் வந்த பக்கம் பார்த்தான்.' நான் 'பயம்' என்று எழுதிய அந்தக் கண்பாவையைப் பற்றி, பயப்பட எதுவும் இல்லாத அவன் வீட்டிலேயே, ஒருவர் பார்த்து எழுதி வைத்திருந்தார். அன்று ஒரு நிமிடம் அதைப் புரட்டியிருந்தால் இடது கண் தப்பியிருக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை தப்பியிருக்கலாம் என்பதே என்னை உறுத்துகிறது. அதை டீச்சரிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க டாக்டர்" என்றார்.

மூன்று எண்களை ஒன்றாக வைத்தபோது

இரத்தப் பரிசோதனை திரும்பவும் வந்தது. பொட்டாசியம் 2.7. பத்து நாள் மருந்து தவறாமல் கொடுத்தும், சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டும், ஏற்றிவிட்டதைத் தக்கவைக்க முடியாமல் சரிந்திருந்தது. கிரியாட்டினின் அதே 2.1.

சிறுநீரக நோயால் இரத்த அழுத்தம் கூடும். சிறுநீரக நோயால் பொட்டாசியமும் குறையும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் அந்த ஒரே பதில் போதும், மனம் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஆனால் இவ்வளவு லேசாகக் கெட்ட சிறுநீரகம், நன்றாகச் சாப்பிடும் ஒரு பூனையின் பொட்டாசியத்தை 2.4-க்கு இறக்கி, ஈடுசெய்ய மருந்து கொடுத்தும் ஏறவிடாமல் பிடித்து, கூடவே அழுத்தத்தை 224-க்குத் தள்ளுமா? நோய்க்கும் அதன் விளைவுக்கும் அளவு பொருந்தவில்லை. யாரோ சிறுநீரகத்தை உட்கார வைத்து, சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே கொட்டு என்று ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கட்டளையை இடுவது அல்டோஸ்டிரோன். சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளியடுக்கில் ஊறும் ஹார்மோன். மனிதர்களில் இந்தச் சுரப்பியில் கட்டி வந்து அல்டோஸ்டிரோன் கட்டுமீறிப் பெருகும் நோயை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 1955-ல் விவரித்தார். அவர் பார்த்த நோயாளிக்கும் தசைத் தளர்ச்சி, உயர் இரத்த அழுத்தம், குறைந்த பொட்டாசியம் மூன்றும் இருந்தன. பூனையில் இதே நோய் 1983-ல் முதன்முதலாக ஆய்விதழில் பதிவானது. வெகுகாலம் அபூர்வம் என்றே கருதப்பட்டு வந்தது. சிறுநீரக நோய் என்ற பெயருக்குள் எத்தனை பூனைகள் இதோடு மறைந்து போயிருக்கும் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் முதல் நாள் அறிக்கையிலேயே தடங்கள் கிடந்தன. சோடியம் மேல் விளிம்பில் நின்றது. சிறுநீர் தண்ணீர்த்திருந்ததை நான் சிறுநீரகம் கெட்டதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் பொட்டாசியம் ஆழமாக இறங்கினாலே, நல்ல சிறுநீரகம்கூடச் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழந்துவிடும். விளைவைப் பார்த்துக் காரணம் என்று எழுதியிருக்கிறேன்.

முதலில் கண்ணையும் மூளையையும் காப்பாற்ற வேண்டும். அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்ததால், அதைக் குறைக்கும் அம்லோடிபின் என்ற மருந்தை நாளுக்கு 1.25 மி.கி. தொடங்கினோம். நான்காம் நாள் 166, பத்தாம் நாள் 152. அந்த முதல் வாரத்துக்குள்ளேயே நள்ளிரவுக் கத்தல் ஏறக்குறைய நின்றுவிட்டது. பொட்டாசியம் இன்னும் சரியாகவில்லை, பார்வையும் திரும்பவில்லை, கத்தல் மட்டும் நின்றது. அப்படியானால் அது மூளைக்குள் ஏறிய அழுத்தத்தின் கத்தல். 'மூளை குழம்புதோ' என்று டீச்சர் கேட்டது ஒருவகையில் சரிதான். வயதின் மேல் பழி போட்டதுதான் சரியில்லை.

வயிற்று ஸ்கேனில் இடது அட்ரீனல் 15 மி.மீ. உருண்டையாகத் தெரிந்தது. பூனையில் அது சுமார் 4 மி.மீ. தடிமன்தான் இருக்க வேண்டும். வலது பக்கத்துச் சுரப்பி இளைத்து மெலிந்திருந்தது. கட்டி பக்கத்திலிருக்கும் பெரிய சிரைக்குள் நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் அதிக நேரம் தேடினோம், நுழையவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் பரவல் எதுவும் இல்லை.

அட்ரீனலில் கட்டி இருக்கிறது என்பதாலேயே அது அல்டோஸ்டிரோனைத்தான் சுரக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கார்ட்டிசால் சுரக்கும் கட்டியென்றால் சர்க்கரை ஏறியிருக்கும், தோல் காகிதமாய்க் கிழியும், இரண்டும் இல்லை. அட்ரீனலின் வகை சுரக்கும் கட்டி அழுத்தத்தை ஏற்றும், ஆனால் இப்படி விடாமல் பொட்டாசியத்தைக் கரைப்பது அதன் வேலை இல்லை. ஆகவே அல்டோஸ்டிரோனை அளந்தோம், அதன் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தைத் தொடங்குவதற்கு முன்பாகவே. அந்த மருந்து உள்ளே போய்விட்டால் அளவு குழம்பிவிடும். முடிவு, ஆய்வகத்தின் மேல் எல்லையைப் போல ஐந்து மடங்கு. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் சூழல். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் ஆரோக்கியமான அட்ரீனல் அல்டோஸ்டிரோனை அடக்கிக்கொள்ளும். பொட்டாசியம் 2.7 இருக்கும்போது அது இயல்பான அளவில் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். ஐந்து மடங்கு என்றால் சுரப்பி யார் பேச்சையும் கேட்காமல் தன்போக்கில் ஓடுகிறது.

அறுவை

இரண்டு வழிகளையும் டீச்சரிடம் விளக்கினேன். ஸ்பைரோனோலாக்டோன், அம்லோடிபின், பொட்டாசியம் மூன்றையும் வாழ்நாள் முழுதும் கொடுத்து ஓட்டலாம். பல பூனைகள் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். அல்லது கட்டியை எடுத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் கட்டி, சிரையில் நுழையவில்லை என்பதால் அறுவைதான் நோயை வேரோடு தீர்க்கும், ஆனால் இரத்தப்போக்கில் மேசையிலேயே உயிர் போகிற ஆபத்தும் அதில்தான். அவர் இரண்டு நாள் யோசித்தார். நோட்டின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து இரு புறமும் எழுதிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். அறுவைக்குச் சம்மதித்தார்.

மூன்று வாரம் தயார் செய்தோம். ஸ்பைரோனோலாக்டோன் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் இரு வேளை, பொட்டாசியத்தின் அளவும் கூடியது. 3.6 வரை ஏறிய பிறகே மயக்க மருந்தைப் பற்றிப் பேசினோம். முன்கூட்டியே இரத்த வகை பார்த்துப் பொருத்தமான இரத்தத்தை வைத்துக்கொண்டோம். பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் கொஞ்சம் ஏறினாலும் உயிர் போகலாம், அவற்றின் உடலில் அதற்கு எதிரான பொருள்கள் இயல்பாகவே உருவாகியிருக்கின்றன. அறுவையை இதில் தேர்ந்த மருத்துவர் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை.

பிறகு வந்த மூன்று நாட்களில் எங்கள் கவலை எதிர்த்திசைக்கு மாறியது. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த வலது சுரப்பி விழித்துக்கொள்ளும் வரை அல்டோஸ்டிரோன் பற்றாக்குறை வந்து பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறலாம். கொடுத்துக்கொண்டிருந்த பொட்டாசியத்தையும் ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்திவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தோம். இரண்டாம் நாள் 4.9 வரை போய், ஐந்தாம் நாள் 4.3-ல் நின்றது. கட்டி புற்று வகை இல்லை, அடினோமா என்று திசு ஆய்வு சொன்னது. இந்த நோயில் இரண்டும் வரும் என்பதால் அந்த அறிக்கைக்காகக் காத்திருந்த ஒன்பது நாளும் எனக்கு நீளமாகத்தான் இருந்தன.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு பொட்டாசியம் மருந்தில்லாமலே 4.4, கிரியாட்டின் கைனேஸ் இயல்பு, எடை 5 கிலோ. ஆனால் கிரியாட்டினின் 2.1-லிருந்து 2.4 ஆகியிருக்கிறது, அல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தபோது மறைந்திருந்த பழுது இப்போது வெளியே தெரிகிறது. ஆக, சிறுநீரக நோயும் இருக்கத்தான் செய்கிறது, அது மட்டும்தான் என்று நான் முடிவு கட்டியதே பிழை. அம்லோடிபினை முழுதாக நிறுத்தப் பார்த்தோம், அழுத்தம் 170-ஐத் தொட்டது, 0.625 மி.கி.-யில் 146-ல் நிற்கிறது. வலது கண்ணின் விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொண்டு பார்வை ஓரளவு திரும்பியிருக்கிறது. இடது கண் திரும்பவில்லை.

ஒரு வார்த்தை இங்கே சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, பலவீனமான பூனைக்கு யாரும் வீட்டிலிருக்கும் பொட்டாசியம் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்ட பூனையும் சோர்ந்துதான் கிடக்கும். அதன் பொட்டாசியம் ஏற்கெனவே உச்சியில் இருக்கலாம், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம். பொட்டாசியம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

என் கிளினிக்கில் இப்போது எட்டு வயதைத் தாண்டிய எந்தப் பூனை தளர்ந்து வந்தாலும், தொட்டுப் பரிசோதிப்பதற்கு முன்பே, இருட்டறையில் அமரவைத்து அழுத்தம் எடுத்துவிடுகிறோம். கண்ணுக்குள் பார்க்கிறோம். சிறுநீரக நோயோடு பொட்டாசியமும் குறைந்திருந்தால், நான்காம் நாளிலேயே திரும்ப வரச் சொல்கிறேன். கொடுத்த மருந்துக்கு அது ஏறவில்லை என்றால் அட்ரீனலை ஸ்கேனில் தேடுகிறோம். வளர்ப்பவர்களிடம் நடத்தை மாற்றங்களைத் தனித்தனியாகக் கேட்கிறேன்: எப்போது கத்துகிறது, விளக்கைப் போட்டால் நிற்கிறதா, எங்கே தொட்டால் கடிக்கிறது, தாவ முயன்று விழுகிறதா அல்லது முயலவே இல்லையா. முத்துவின் விஷயத்தில் ஒளிந்ததும் கடித்ததும் தசை வலி, தாவாமல் போனது தசைத் தளர்ச்சி, இரவில் கத்தியது அழுத்தமும் குருடும். மூன்றையும் சேர்த்து 'நடத்தை மாற்றம்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன்.

போன வாரம் ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். டீச்சர் புது நோட்டு தொடங்கியிருக்கிறார், பழையது தீர்ந்துவிட்டதாம். சன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கிறார். முத்து முதலில் அதில் ஏறி, வலது கண்ணைத் திட்டின் பக்கம் திருப்பித் தூரத்தை அளந்துகொண்டு, பிறகு தாவுகிறான் என்றார். நோட்டை நீட்டினார். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.